பிடரி நரம்பு: முதுகின் உடற்கூறும் ஒரு தமிழ்ச் சொல்லின் சுமையும்

திருக்குர்ஆனின் 50ஆம் அத்தியாயமான ‘காஃப்’பின் 16ஆம் வசனத்தில் ‘ஹப்லுல் வரீத்’ என்றொரு தொடர் வருகின்றது. இறைவன் மனிதனுக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றான் என்பதற்கு அளவுகோலாக அது அங்கே நிற்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் பரவலாக அது ‘பிடரி நரம்பு’ எனப்பட்டுள்ளது. ஜும்ஆ மேடைகளிலும் மீலாது விழாக்களிலும் கேட்டுக் கேட்டு நம் செவிக்குப் பழகிப்போன தொடர். எனினும் மனித முதுகின் அமைப்பைச் சிறிதளவு படித்த வாசகர் ஒருவர் இத்தொடரில் இரண்டு இடங்களில் தடுக்கி நிற்பார்.

முதலாவது, இடம். பிடரி என்பது கழுத்தின் பின்புறம். ‘வரீத்’ பின்புறத்தில் இல்லை. ஸமக்ஷரி தம் ‘அல்-கஷ்ஷாஃப்’ விரிவுரையில், கழுத்தின் இரு பக்கங்களையும் தழுவி, அதன் முன்பகுதியில் அமைந்தவை இரு வரீதுகள் என்று தெளிவாகவே எழுதியிருக்கின்றார். இரண்டாவது, பொருள். அவர் அவற்றை ‘இர்க்’ என்கின்றார். அதாவது குருதி ஓடும் குழாய். இன்றைய தமிழில் நரம்பு என்றால் உணர்வையும் இயக்கத்தையும் கடத்துவது; அதில் குருதி ஓடுவதில்லை. ஆகக் கழுத்தின் முன்பக்கத்துக் குருதிக்குழாய் ஒன்று, தமிழுக்கு வரும் வழியில் முதுகுப்புறத்து நரம்பாக மாறிவிட்டது. உருது மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஷஹ் ரக்’ என்று எழுதி இவ்விடரிலிருந்து தப்பினர். ‘ரக்’ என்பது குருதிக்குழாயே.

மொழிபெயர்ப்பாளர்கள் அறியாமல் எழுதினர் என்று தீர்ப்பளிப்பது எளிது. அது நியாயமன்று. தமிழில் ‘நரம்பு’ பழங்காலத்தில் மிக அகன்ற சொல். யாழின் தந்தி நரம்பு. இலையில் ஓடும் கோடு நரம்பு. புறநானூற்றில் முதுமகள் ஒருத்தியின் மெலிந்த தோளில் புடைத்துத் தெரிவதும் நரம்பே. தோலுக்கு மேல் அவ்வாறு புடைத்துத் தெரிவது குருதி நாளமேயன்றி வேறில்லை. இன்றும் ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்று சொல்பவர் நாளத்தில் போட்டதையே சொல்கின்றார். அந்தத் தமிழில் ‘வரீத்’ நரம்புதான். பிறகு பள்ளிப் பாடநூல்கள் அச்சொல்லை ஒரே பொருளுக்குள் ஒடுக்கின. சொல் ஒடுங்கியது, மொழிபெயர்ப்பு ஒடுங்காமல் நின்றுவிட்டது.

பிடரியிலும் முதுகிலும் உண்மையில் இருப்பவை எவை? மேலடுக்கில், மண்டையோட்டின் பின்புறம் தொடங்கிப் பிடரி வழியாக முதுகின் நடுவரை இறங்கித் தோள்பட்டையைப் பற்றும் அகன்ற தசை ஒன்று. அரபியர் இதை அதன் வடிவம் கருதி ‘ஷிப்ஹுல் முன்ஹரிஃப்’ என்கின்றனர். தமிழில் சரிவகத் தசை. அதற்குக் கீழே இடுப்பிலிருந்து விசிறிபோல் எழுந்து மேற்கை எலும்பில் முடியும் அகன்ற முதுகுத் தசை. இவ்விரண்டையும் விலக்கினால்தான் முதுகின் உரிமைக்காரர்கள் தெரிவர்: முள்ளந்தண்டின் இருமருங்கிலும் மூன்று வரிசைகளாக ஓடி நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் தசைத் தொகுதி, அதற்கும் அடியில், முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு குறுக்கும் சாய்வுமாகப் பின்னிய சிறுதசைகள்.

உரிமைக்காரர்கள் என்று நான் சொல்வது அலங்காரத்திற்காக அன்று. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பும் முள்ளந்தண்டை விட்டு வெளியேறியவுடன் முன்கிளை, பின்கிளை என இரண்டாகப் பிரிகின்றது. ஆழத்திலுள்ள நிமிர்த்தும் தசைகளுக்குப் பின்கிளையிலிருந்து நரம்பு வருகின்றது. அகன்ற முதுகுத் தசைக்கோ முன்கிளைகளின் வழியாக வருகின்றது. ஏனெனில் அது முதுகில் குடியேறிய கைத்தசை. சரிவகத் தசை இன்னும் விந்தையானது. அதை இயக்குவது பதினொன்றாம் மூளை நரம்பு. ஒரு தசை எங்கே படுத்திருக்கின்றது என்பதைவிட எந்த நரம்பு அதை ஆள்கின்றது என்பதே அதன் வம்சத்தைச் சொல்லும். அப்படியிருக்க, நரம்பு எது என்பதிலேயே குழப்பம் நிலவும் மொழியில் இப்பாடத்தை எப்படி நடத்துவது?

இதே குழப்பத்தை அரபு மொழி பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சந்தித்தது. ‘அஸப்’ என்ற சொல்லுக்கு அரபியர் வழக்கில் கட்டும் நார் என்பதே பழம்பொருள்; இப்னு கல்தூனின் ‘அஸபிய்யத்’ அதே வேரில் முளைத்ததுதான். கிரேக்கத்திலும் நிலைமை இதுவே: நரம்புக்கும் நாருக்கும் ஆதியில் ஒரே சொல். ஜாலீனூஸின் நூல்களைப் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (809–873) அவர் குழுவினரும், அவர்களுக்குப் பின்வந்த மருத்துவ அறிஞர்களும் கைக்கொண்ட வழியை நான் வியப்போடு நோக்குகின்றேன். அவர்கள் புதுச்சொல் தேடி அலையவில்லை. வீட்டிலிருந்த சொற்களுக்கே எல்லை வகுத்தார்கள். உணர்வு கடத்துவது ‘அஸப்’, எலும்போடு எலும்பைப் பிணைப்பது ‘ரிபாத்’, தசையை எலும்போடு சேர்ப்பது ‘வதர்’, துடிக்கும் குழாய் ‘ஷிர்யான்’, துடிக்காதது ‘வரீத்’. இப்னு ஸீனா ‘அல்-கானூன்’ முதல் நூலில் உறுப்புகளை விவரிக்கப் புகுமுன் இவற்றை ஒவ்வொன்றாக வரையறுத்துவிடுகின்றார். அஸப் மூளையிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ முளைப்பது, வெண்மையானது, வளைக்க இளகுவது, அறுக்கக் கடினமானது என்பது அவர் தரும் இலக்கணத்தின் சாரம்.

அந்த வரையறையின் பயனை எண்ணிக்கையிலேயே காணலாம். கழுத்தில் 8 இணை, மார்பில் 12 இணை, இடுப்பில் 5 இணை என்று அவர் கணக்கிட்டது இன்றைய நூல்களிலும் மாறவில்லை. அதற்குக் கீழேயுள்ள திரிகத்திலும் வாலெலும்பிலும் மட்டும் அவர் பகிர்வு வேறுபடுகின்றது. இணைகளின் கூட்டுத்தொகையோ இரண்டிலும் 31. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீகத்தில் எழுதிய ‘தஷ்ரீஹெ மன்ஸூரி’யில் நரம்பு மண்டலத்தின் முழுப்பக்கப் படம் ஒன்றுண்டு. மனிதன் முதுகுப்புறமாக நிற்கின்றான். தலை பின்னால் சாய்ந்து வாய் ஏட்டின் உச்சியைப் பார்க்கின்றது. நரம்பிணைகள் வெவ்வேறு நிற மையில் தீட்டப்பட்டுள்ளன. ஓவிய நயம் தேடுபவருக்கு ஏமாற்றமே. நரம்பு வேறு, நாளம் வேறு என்று மாணவனுக்குக் காட்டுவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

அரபியிலும் பழைய குழப்பத்தின் தழும்பு ஒன்று மிஞ்சியிருப்பதை மறைப்பதற்கில்லை. இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் நரம்புவலிக்கு ‘இர்குன் நஸா’ என்றே பெயர். இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பிலும் அப்பெயர்தான். இன்றைய அரபு நாடுகளின் மக்கள் பேச்சிலும் அதுவே. ஆயினும் பாடநூலைத் திறந்தால் ‘அஸப்’ என்றுதான் இருக்கும். நோயின் பெயர் மக்களுடையது, உறுப்பின் பெயர் நூலுடையது என்ற உடன்பாடு அங்கே உண்டு.

சொல்லின் எல்லை தெளிந்தால் சிகிச்சையும் தெளியும் என்பதற்கு ஜாலீனூஸே சான்று. விரல்களில் உணர்விழந்த ஒருவருக்கு மற்ற மருத்துவர்கள் விரல்களிலேயே மருந்திட்டுக் கொண்டிருந்தனர். அவர் முன்பு வாகனத்திலிருந்து விழுந்து மேல்முதுகில் அடிபட்டதை ஜாலீனூஸ் விசாரித்தறிந்து, மருந்தை முள்ளந்தண்டின் மேல் இடச் செய்தார். விரலுக்குச் செல்லும் நரம்பின் வேர் முதுகில் என்பதை அறிந்தவருக்கே அது தோன்றும்.

தமிழுக்கு இவ்வாய்ப்பு வராமலில்லை. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரே 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. முதலில் தமிழ், இல்லையேல் சமஸ்கிருதம், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதுவது என்ற ஒழுங்கை அவர் பின்பற்றினார். இதற்கு முன்பே கல்கத்தாவில் ஹூப்பரின் உடற்கூற்றுக் கையேட்டை ஜான் டைட்லர் ‘அனீஸுல் முஷர்ரிஹீன்’ என்று அரபியில் பெயர்த்து, அது 1836இல் அச்சேறியது. அதே நூலை மதுசூதன குப்தர் சமஸ்கிருதத்தில் பெயர்த்தார். ஆனால் அந்த அரபு நூல் வெளிவருமுன்னரே, 1835இல், உள்நாட்டு மொழிகளில் மருத்துவம் பயிற்றிய அந்நகரத்து நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. வாசிக்க வேண்டிய வகுப்பறை போனபின் வந்த நூல் அது.

கிறீனுக்குப் பின் தமிழ் இரண்டாகக் கிளைத்தது. இலங்கைப் பாடநூல்களில் துடிக்கும் குழாய் நாடி, துடிக்காதது நாளம், தண்டுவடம் முண்ணாண். தமிழ்நாட்டிலோ தமனி, சிரை, தண்டுவடம். தமனியும் சிரையும் தேர்வுத்தாளுக்கு வெளியே எவர் வாயிலும் வழங்கவில்லை என்பதே என் குறை. நாடியும் நாளமும் மக்கள் சொற்கள். எல்லை வகுத்தால் போதும். 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்ட இந்தி மருத்துவ நூல்களில் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் நாகரி எழுத்தில் அப்படியே இருந்தன. பலர் நகைத்தனர். எனக்கு அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மயங்கும் சொல்லைவிட அயற்சொல் மேல்.

திருவண்ணாமலையில் இம்மயக்கத்தை நாள்தோறும் கேட்கலாம். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் மலை சுற்றி வந்தவரும் நெல்மூட்டை தூக்கியவரும் மறுநாள் சொல்வது ஒன்றே: ‘முதுகில் நரம்பு பிடித்துக்கொண்டது’. பிடித்திருப்பது பெரும்பாலும் தசை. சில நாள்களில் தானே இளகும். அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவரோ தம் பாடத்தை ஆங்கிலத்தில் கற்றவர். ‘நரம்பு’ என்று கேட்டதும் அவர் மனத்தில் எழும் படம் வேறு. மாறாக, இடுப்புத் தட்டு பிதுங்கி, தண்டுவடத்தின் முடிவுக்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக்கற்றை நசுங்கினால், தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் கட்டும். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. அதற்கும் நம்மவர் வாயில் ‘நரம்புக் கோளாறு’ என்ற ஒரே சொல்தான். இவ்வூர்க் கடைகளில் விற்கும் யோக நூல்கள் சில சுழுமுனை நாடியே தண்டுவடம் என்று எழுதுவதும் இக்குழப்பத்தின் மற்றொரு முகம். தியான மரபின் சொல்லை அறுவை மேசையில் தேடுவது அம்மரபுக்கும் நீதியன்று.

அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களிடமும் இச்சொல் வந்து சேர்கின்றது. ‘முதுகு நரம்பில் கோளாறு, குனிந்து ருகூஃ செய்யலாமா, நாற்காலியில் தொழலாமா?’ என்று கேட்பவருக்கு, நம்பகமான மருத்துவரின் சொல்லை வைத்தே சலுகை கூற வேண்டும். மருத்துவர் சொன்னது தசையா, நாரா, நரம்பா என்று திருப்பிக் கேட்டால் பதில் மீண்டும் ‘நரம்பு’ என்றே வருகின்றது. மார்க்கத் தீர்ப்பு கூற வேண்டியவர், தீர்ப்புக்கு முன் அகராதி திறக்க வேண்டியிருக்கின்றது.

மொழிபெயர்ப்புக்கு மீள்வோம். ‘ஹப்லுல் வரீத்’துக்குக் ‘கழுத்து நாளம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஓசையில் ‘பிடரி நரம்பு’ அளவுக்கு அழுத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். 69ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தில் வரும் ‘வதீன்’ இதயத்தோடு இணைந்த, அறுபட்டால் உயிர் தங்காத பெருங்குழாய். அதை ‘நாடி நரம்பு’ என்று பெயர்த்தவர்கள் பாதி வழி சரியாகவே வந்திருக்கின்றனர். ‘இதய நாடி’ என்றால் மீதி வழியும் முடிந்துவிடும். நெடுநாள் பழகிய சொல்லை மூலவரியில் மாற்றப் பதிப்பாளர்கள் தயங்குவதும் புரிகின்றது. அப்படியானால் அடுத்த பதிப்பில் இரண்டு அடிக்குறிப்புகள் போதும்: வரீத் கழுத்தின் முன்புறத்து நாளம், வதீன் இதயத்தின் பெருநாடி.