சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே

ஆய்வுக் கட்டுரையையும் கவிதையைப் போல ரசித்துப் படிக்கலாம். அதன் அழகு சொல்லலங்காரத்தில் இல்லை. சான்று எங்கே முடிகிறது, எழுதியவரின் ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒளிக்காமல் காட்டுவதில் இருக்கிறது. அந்தத் தெளிவு முதல் வரைவில் அமைவதில்லை. திருத்தி எழுத எழுதத்தான் கைகூடும்.

இதற்கு இடுக்கி–தேனி எல்லையிலுள்ள மங்கலதேவி கோட்டம் அருமையான பாடம். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் சிதைந்து நிற்கும் கற்கோயில் அது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரா பௌர்ணமியன்றுதான் மக்கள் மலையேறுகிறார்கள். சிலப்பதிகாரம் காட்டும் வழியைப் பூம்புகாரிலிருந்து பின்பற்றி வந்து, இதுவே கண்ணகி கோட்டம் என்று 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அறிவித்தார். சுவடிகளை ஒப்புநோக்கி, அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் சேர்த்து, உ. வே. சாமிநாதையர் 1892இல் அந்தக் காப்பியத்தைப் பதிப்பித்திருந்தார். ஒருவர் பாடத்தைத் திருத்தமாக்கினார். மற்றவர் அதை நிலத்தில் வைத்துப் பார்த்தார்.

பாலக்காட்டு எல்லையில், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் இந்தக் கோயிலைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “இது சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயிலாகும்” என்று முதல் வரைவு ஒரே மூச்சில் சொல்லிவிடும். இரண்டாம் வரைவில் அந்த வாக்கியம் மூன்றாகப் பிரிய வேண்டும். கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே போனாள் என்கிறது காப்பியம். கோயிலில் இருப்பவை இடைக்காலக் கல்வெட்டுகள். இரண்டையும் இணைப்பது ஆய்வாளரின் கருத்து. அப்போது “ஆகும்” என்பது “எனக் கருத இடமுண்டு” என்றாகும். இதனால் வாக்கியத்தின் வலு குறையவில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இந்தத் திருத்தத்துக்கான வேலை குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நூலில் கண்டதைப் பக்க எண்ணோடும், தனக்குத் தோன்றியதை வேறு மையிலும் எழுதி வைப்பவருக்குப் பின்னால் குழப்பம் வராது. வரைவு முடிந்ததும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் பெரும்பாலும் சிந்தனையும் சிக்கியிருக்கும். பிறகு, நம் முடிவை ஏற்காத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பாராட்டுபவரைவிட, “இதற்கு ஆதாரம் என்ன?” என்று ஓரத்தில் எழுதித் தருபவரே கட்டுரையை வளர்க்கிறார்.

எந்த வரியிலிருந்து மறுக்கலாம் என்று மறுப்பவருக்கே வழி காட்டும் கட்டுரைதான் நல்ல ஆய்வு. கோவிந்தராசனாரின் முடிவோடு வாதிடுபவரும் அதே காப்பிய வரிகளுக்கும் அதே மலைக்கும் வந்தாக வேண்டும். எழுதியவரின் முடிவு மாறினாலும் அவர் போட்ட பாதை நிலைக்கும்.