கோலமும் கோடும்: தொடக்கப்பள்ளிக் காட்சிக்கலைக் கல்வி – ஒரு திறனாய்வு

புகழ்பெற்ற ஓவியத்தைச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்துதல் என்பது, அதன் வரிவடிவத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் செய்வதாகவே பல வேளைகளில் சுருங்கிவிடுகிறது. கோடு ஏன் அங்ஙனம் வளைந்தது என்னும் வினா எழாதவிடத்து நுட்பக்கல்வி நிகழ்வதில்லை. கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளை முன்னிறுத்தி இக்குறை ஈண்டு ஆராயப்படுகிறது.

2011ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவரிடமிருந்து தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், காட்சிக்கலையைப் படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவாக்கமும் கட்டுமானமும், பாரம்பரியக் கைவினை என நான்கு துறைகளாகப் பகுத்தது. பகுப்பில் குறையில்லை, துறைகளை இணைக்காது கற்பித்தலே குறை. சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்ட லயத்து வாசல்களில் பெண்கள் இட்ட கோலம், புள்ளிக்கட்டம், சமச்சீர், அறுபடாக் கோடு ஆகிய நுட்பங்களைக் கொண்டது. அதனைத் தீபாவளி அலங்காரமாக மட்டும் நிறுத்துதல், மாணவர் இல்லத்திலிருந்து கொணரும் அறிவைப் புறக்கணிப்பதாகும்.

ஓவியர்களைத் தேர்வதிலும் இந்நோக்கு வேண்டும். டாவின்சியையும் வான்கோவையும் அறிதல் நன்று. ஆயினும், கெடாவின் யான் வட்டாரத்தில் பிறந்த இப்ராகிம் ஹுசேன் (1936–2009), நெருங்கியோடும் மெல்லிய கோடுகளால் உடலசைவைக் காட்டியவர். 1943இல் தமிழகத்து அழகன்குளத்தில் பிறந்த சையத் தாஜுதீன், சென்னையில் ஓவியம் பயின்று மலேசிய ஓவியராகப் புகழ்பெற்றவர். இவர்தம் கோடுகளைக் கோலத்தின் கோட்டோடு ஒப்பிடச் செய்தால், மாணவர் பார்த்தலையே கற்பர். மதிப்பீடும் வண்ணப்பூச்சின் தூய்மையை மட்டுமன்றி, கோட்டின் காரணம் கூறும் திறனையும் அளத்தல் வேண்டும்.

தோட்டங்கள் கலைந்து, குடும்பங்கள் பல நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அங்குக் கோலமிடும் மண்வாசல் இல்லை. வாசல் கற்பித்ததை இனி வகுப்பறையே கற்பித்தல் வேண்டும். அப்பொறுப்பு தமிழாசிரியரைச் சார்ந்ததாகும்.