அலிபாபா யார் வீட்டுப் பிள்ளை?

மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1956-இல் சேலத்திலிருந்து அளித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெருமையுடையது. படம் பார்ப்பதே ஆகாதென்றிருந்த நம் இல்லங்கள் சிலவற்றிலும், ‘இது நம்மவர் கதைதானே’ என்றொரு சலுகை அதற்கு உண்டு. கூடுவாஞ்சேரியில் நம்மிடம் ஓத வரும் சிறார் இன்று அதனைக் கைப்பேசியில் கண்டுவிட்டு, ‘ஹஜ்ரத், அலிபாபா எந்தக் கலீபா காலத்தவர்?’ என வினவுகின்றனர்.

எந்தக் கலீபா காலத்தவரும் அல்லர். ‘அல்ஃபு லைலா வ லைலா’ என்னும் அரபு நூலின் பழம்பிரதிகளில் அலிபாபாவும் இல்லை, அலாவுதீனும் இல்லை. அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் 1704 முதல் வெளியிட்டு வந்த அந்துவான் கல்லாந், 1709-இல் பாரிசு நகரில் ஹன்னா தியாப் என்பார் சொல்லக் கேட்டுச் சேர்த்த கதைகள் இவை. தியாப், ஹலப் நகரத்து மாரோனியக் கிறித்தவர். சிரியக் கிறித்தவர் சொல்லி, பிரெஞ்சுக்காரர் எழுதி, சேலத்தில் படமான கதையையே நாம் நம்முடையது என்கிறோம். உரிமை கொண்டாடுவதில் குற்றமில்லை. வரலாறென்று கொள்வதே பிழை.

படத்திற்கு ஒரு பாராட்டு உரியது. அலிபாபா, காசிம், மர்ஜியானா என்னும் பெயருடையோர் அங்கே நல்ல தமிழ் பேசினர். எல்லாச் சமயத்தாரும் அலிபாபாவுக்காகக் கைதட்டினர். எள்ளுக்கு அரபியில் சிம்சிம் என்று பெயர். அந்த எள்ளே ‘திறந்திடு சீசே’ என உருமாறி வந்தது. மந்திரத்தின் ‘ஹுகும்’, ஆணையைக் குறிக்கும் நம் ஹுக்ம்தான். பொருளறியாமலே நாடெங்கும் பிள்ளைகள் அதனை மனனம் செய்தனர். (சர்ஃபு பாடத்தை எவரும் அத்துணை விரைவில் மனனம் செய்து நாம் கண்டதில்லை!)

1992-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘அலாதீன்’ கேலிச்சித்திரப் படத்தில் இந்த நேயம் இல்லை. காதை வெட்டும் நாடென்று அரபு நிலத்தைப் பாடிய தொடக்கப் பாடல், அமெரிக்க அரபு அமைப்பினரின் கண்டனத்தால் 1993-இல் திருத்தப்பட்டது. ‘காட்டுமிராண்டித்தனம்’ என்ற பொருள்படும் சொல்லோ நிலைத்தது. 2019-இல் எடுக்கப்பட்ட புதிய படத்தில்தான் அதுவும் நீங்கிற்று. சித்திரம் அழகியது, ஐயமில்லை. ஆனால் நல்லோர் அமெரிக்கர் போலவும் தீயோர் அயலார் போலவும் பேசும் அப்படத்தைக் குழந்தைக்குக் காட்டுவோர், பக்கத்தில் அமர்ந்து காட்டுவதே நன்று.

தமிழ்ப்படத்தின்பால் நமக்குள்ள மனக்குறை வேறு. கல்லாந் எழுதிய கதையில் அலிபாபா மனைவி மக்களுடைய ஏழை விறகுவெட்டி; அறிவெல்லாம் அடிமைப்பெண் மர்ஜியானாவுடையது. திருடன் வாயிற்கதவில் இட்ட குறியைக் கண்டு, அண்டை வீட்டுக் கதவுகளிலெல்லாம் அதே குறியை இட்டவள் அவள். எண்ணெய்ச் சாடிக்குள் ஒளிந்திருந்தோரைக் கண்டறிந்து தனியொருத்தியாகக் குடும்பத்தைக் காத்தவளும் அவளே. ஈற்றில் விடுதலை பெற்று அலிபாபாவின் மருமகளாகிறாள். படத்திலோ அலிபாபா கட்டிளங்காளையான எம்.ஜி.ஆர்.; மர்ஜியானா அவரை விரும்பும் ஆடற்பெண். பானுமதி போன்ற மிடுக்கான நடிகை கிடைத்தும், வாள்வீச்சே கதையை முடித்துவைக்கிறது. நாயகனுக்கு இடம் விட்டு நாயகி ஒதுங்கினாள்.

நம் பெண்மக்கள் அறியவேண்டியது அந்த மர்ஜியானாவையே. வணிகன் வேடத்தில் விருந்துண்ண வந்த திருடர் தலைவன், தனக்கு உப்பில்லாமல் சமைக்கச் சொன்னான். ஒருவன் வீட்டு உப்பைத் தின்றபின் அவனைக் கொல்வது அரபியர் வழக்கில் பெரும் இழிவு. அடுக்களையில் அச்செய்தி கேட்ட மாத்திரத்தில், வந்தவன் யாரென்று காணப் பரிமாறும் சாக்கில் கூடத்துக்கு வந்தாள் மர்ஜியானா.