அட்டிக் விசிறியும் ஒளிக்குழாயும்

“சூரிய மின்கலத்தில் ஓடும் விசிறிக்கு மின்கட்டணமே இல்லை. லாபம்தானே, சார்?” என்று கேட்டார் என் மாணவர் ஒருவர். புளோரிடாவில் வீடு வாங்கியிருக்கும் அவருடைய அண்ணன் கூரையில் அதையும் ஒளிக்குழாயையும் பொருத்த எண்ணுகிறாராம்.

அங்குள்ள வீடுகளில் சாய்வுக் கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே ‘அட்டிக்’ எனும் காலியிடம் உண்டு. கோடையில் அங்கே 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அந்தக் காற்றை வெளியேற்றினால் வீடு குளிரும் என்கிறது விளம்பரம். ஆனால் உட்கூரைக்கு வெப்பம் பெரும்பாலும் காற்றின் வழியே வருவதில்லை. சுட்ட கூரைப் பலகையிலிருந்து கதிர்வீச்சாக வருகிறது. கதிர்வீச்சை விசிறி தடுக்குமா? போதாக்குறைக்கு, உட்கூரையில் இடுக்கு இருந்தால், காசு கொடுத்துக் குளிர்வித்த அறைக்காற்றையும் அது உறிஞ்சி வெளியே தள்ளும்! புளோரிடா சூரிய ஆற்றல் மையம் ஒரு வீட்டில் அளந்து 2000-இல் வெளியிட்ட முடிவு இது: அட்டிக்கின் சூடு நன்றாகவே குறைந்தது, குளிர்சாதன மின்செலவோ சுமார் 6 விழுக்காடுதான் குறைந்தது. அந்தப் பணத்துக்கு உட்கூரையின் மேல் கண்ணாடி இழைப் பஞ்சைக் கனமாகப் பரப்பலாம்.

ஒளிக்குழாய் அப்படியல்ல. கூரைமேல் ஒளிபுகும் குமிழ். அதன் கீழே உட்புறம் பளபளக்கும் குழாய். வாங்குமுன் அதன் எதிரொளிப்புத் திறனைக் கேளுங்கள். ஒளி பத்து முறை பட்டுத் திரும்புவதாகக் கொள்வோம். முறைக்கு 95 விழுக்காடு திரும்பினால் அறைக்குச் சேர்வது 60 விழுக்காடே. 99 என்றால் 90. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சன்னல் வைக்க முடியாத நடைவழிக்கு ஒரு குழாய் போதும், விசிறி வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லச் சொன்னேன். நம் மொட்டைமாடி வீடுகளிலோ அட்டிக்கே கிடையாது.