அல்லிக்கு இன்னொரு நினைவும் உண்டு

'ஜெய் பீம்' (2021) பார்த்த என் தாம்பரம் நண்பர்களிடம் இருளர் என்று சொன்னால், இன்றைக்கும் லாக்கப் காட்சியைத்தான் பேசுகிறார்கள். அந்த வன்முறையிலிருந்து நம்மை முகம் திருப்பவிடாததுதான் த.செ.ஞானவேலின் பலம். ஆனால் ராசாக்கண்ணுவின் பாம்பு பிடிக்கும் திறமை எதற்குப் பயன்படுகிறது? பணக்கார வீட்டுக்குள் அவனைக் கூட்டிப்போய்த் திருட்டுப்பழியில் மாட்டிவிட. அவ்வளவுதான்.

அந்தத் திறமைக்கு வேறொரு கதையும் உண்டு. நம்ம ஈசிஆரில், வடநெம்மேலியில், 1978-இல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடையாகிப் பிழைப்பு போனபிறகு, அதே அறிவை வைத்து விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறார்கள். எடுத்தபின் பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். விழுப்புரம், திருவள்ளூர் என்று சிதறிக் கிடக்கும் இருளர் குடும்பங்கள் வந்து சேலையில் கூடாரம் போடுகின்றன. விடியலில் கன்னியம்மாவுக்குப் பூஜை. அங்கேயே கல்யாணமும் நடக்கும். பட்டா இல்லாதவர்கள்கூட அன்றைக்கு 'இது நம்ம இடம்' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

படத்தின் கடைசியில் சிறுமி அல்லி, வக்கீலைப் பார்த்துக் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள். கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் தன்மானத்தை அவள் வக்கீலிடமிருந்து மட்டும்தான் கற்கணுமா? அந்தக் கடற்கரையும் அவளுடையதுதான். அதற்குப் படத்தில் ஒரு ஷாட்கூட இல்லை.