சிங்கத்தின் குரலும் இலத்தீன் தொடரும்: மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் தொடக்கச் சின்னத்தில் மொழிபெயர்ப்பு

திரைப்பட மொழிபெயர்ப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உரையாடலிலிருந்தே தொடங்குகின்றன. உரையாடலுக்கு முன்னரே திரையில் தோன்றி மறையும் ஒரு குறும்பனுவல் உண்டு. அது படநிறுவனத்தின் தொடக்கச் சின்னம். சில நொடிகளே நீடிக்கும் அப்பனுவலில் பெயரும் படமும் ஒலியும் தொடரும் ஒருங்கே அமைந்துள்ளன. துணைவசனம் எழுதுவோரும் குரல்மாற்றம் செய்வோரும் பொதுவாக அதனைத் தொடுவதில்லை. கதைக்குப் புறம்பானது என ஒதுக்கிவிடுகின்றனர். தொடப்படாமையாலேயே ஒரு பகுதி மொழிசாராத பகுதியாகிவிடாது. அமெரிக்க நிறுவனமான மெட்ரோ-கோல்ட்வின்-மேயரின் சிங்கச் சின்னம் இதற்கு நல்ல சான்றாகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் இச்சின்னம், 2021ஆம் ஆண்டு தன் குறிக்கோளுரையைத் தானே திரையில் மொழிபெயர்த்துக் காட்டியது. அம்மொழிபெயர்ப்பின் தன்மையை மதிப்பிட, சின்னம் வளர்ந்த வரலாற்றையும் ஓரளவு நோக்க வேண்டும். அவ்வரலாறு மொழியாக்க நிகழ்ச்சிகளாலேயே நிரம்பியது.

பெயர்

மெட்ரோ பிக்சர்ஸ், கோல்ட்வின் பிக்சர்ஸ், லூயி பி. மேயர் பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் 1924இல் இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. மூன்று பெயர்களுள் நடுவில் நிற்பதே மொழியியலாளர்க்குச் சுவையானது. வார்சாவில் பிறந்த கெல்ப்ஃபிஷ் என்னும் குடும்பப் பெயரினர் ஒருவர் ஆங்கில நிலத்திற்கு வந்ததும் அதனைக் கோல்ட்ஃபிஷ் என மாற்றிக்கொண்டார். மஞ்சள் மீன் பொன்மீன் ஆயிற்று. பாதி ஒலியையும் பாதி பொருளையும் தழுவிய பெயர்ப்பு இது. பின்னர் 1916இல் செல்வின் உடன்பிறந்தாரோடு கூட்டுச் சேர்ந்தபோது, கோல்ட்ஃபிஷ் என்பதன் முற்பாதியும் செல்வின் என்பதன் பிற்பாதியும் ஒட்டிக் கோல்ட்வின் என்னும் நிறுவனப் பெயர் பிறந்தது. நிறுவனத்துக்கு இட்ட பெயரைச் சாமுவேல் கோல்ட்ஃபிஷ் தமக்கே சூட்டிக்கொண்டார். எஞ்சிய பாதிகளைச் சேர்த்தால் தன்னலமி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் கிடைக்கும் என்று அக்காலத்தில் நகையாடியதாகவும் கூறுவர். 1924ஆம் ஆண்டு இணைப்புக்கு முன்னரே அவர் கோல்ட்வின் நிறுவனத்தினின்று வெளியேற்றப்பட்டிருந்தார். ஆதலின் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் என்பதிலுள்ள கோல்ட்வின், அப்பெயருடையார் ஒருநாளும் பணிபுரியாத நிறுவனத்தில் நிலைத்துவிட்டது. சுட்டும் பொருளை இழந்தும் பெயர் வாழ்வதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

குரல்

சிங்கம் கோல்ட்வின் நிறுவனத்திடமிருந்து வந்த உரிமைப் பொருள். அங்கு விளம்பரப் பணியாற்றிய ஹோவர்ட் டியட்ஸ் தாம் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிங்க அடையாளத்தை மனத்திற் கொண்டு அதனை அமைத்தார். ஒரே விலங்கு என்று பார்வையாளர் கருதினும் உண்மையில் பல சிங்கங்கள் இவ்விடத்தில் நின்றுள்ளன. 1924இல் தோன்றிய ஸ்லாட்ஸ் பேசாப்படக் காலத்தது. அது தலையைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. 1928இல் வெளிவந்த 'ஒயிட் ஷேடோஸ் இன் த சவுத் சீஸ்' படத்தில் ஜாக்கி என்னும் சிங்கத்தின் குரல் இசைத்தட்டின் வழியே அரங்குகளிற் கேட்டது. கருப்பு வெள்ளைப் படங்களில் ஜாக்கி 1956 வரை நீடித்தது. வண்ணப் படங்களுக்கு டேனர் முதலிய வேறு சிங்கங்கள் பயன்பட்டன. 1957 முதல் வழங்குவது லியோ. விளம்பர உலகிலோ அனைத்துச் சிங்கங்களும் லியோ என்றே அழைக்கப்பட்டன. இலத்தீனில் லியோ என்பதற்குச் சிங்கம் என்றே பொருள். பொதுப்பெயரே சிறப்புப் பெயராகி, பின்னர் ஒரு தனி விலங்கின் பெயராகவும் ஒடுங்கியது.

கர்ச்சனை மொழிபெயர்ப்பு வேண்டாதது என்பது பொதுக் கருத்து. இது முழு உண்மையன்று. 1982இல் 'போல்டர்கைஸ்ட்' படத்தையொட்டி ஒலிவல்லுநர் மார்க் மான்ஜினி அக்குரலைப் புதிதாக அமைத்தபோது புலியின் குரலைப் பயன்படுத்தினார். மக்கள் எதிர்பார்க்கும் சீற்றம் சிங்கத்தின் இயற்கைக் குரலில் இல்லை என்பது அவர் தந்த விளக்கம். திரையில் வாய் திறப்பது சிங்கம், ஒலிப்பது புலி. குரல்மாற்றத்திற்கு உட்படாதது எனக் கருதப்பட்ட ஒரே பகுதி, உண்மையில் இரவல் குரலால் ஆனது. மூலத்தைக் காட்டிலும் மூலம் போலத் தோன்றுவதே ஏற்கப்படும் என்னும் குரல்மாற்றத் தொழிலின் பழைய நெறி இங்கும் செயற்படுகிறது. இதற்கு மாறாக, குரலின்மையும் பொருள் தருவதுண்டு. 1959ஆம் ஆண்டின் 'பென்ஹர்' படத்தில் சிங்கம் முழங்கவில்லை. கிறித்து பிறப்புக் காட்சியோடு தொடங்கும் படத்திற்கு அம்முழக்கம் ஒவ்வாது எனக் கொள்ளப்பட்டது. இச்சின்னத்தின் நெடிய வரலாற்றில் மிகுந்த நயமுடைய திருத்தம் இதுவே எனலாம். 1960களின் பிற்பகுதியில் முழக்கமும் தொடரும் நீங்கிய வரைகோட்டுச் சிங்கம் ஒன்று '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' உள்ளிட்ட சில படங்களில் இடம்பெற்றது. அது நிலைக்கவில்லை.

இலத்தீன் தொடர்

சிங்கத்தின் தலையைச் சுற்றிப் படச்சுருள் வளையமாக அமைய, அதன் மேற்புறத்தில் 'ஆர்ஸ் கிராட்டியா ஆர்ட்டிஸ்' என்னும் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. இதுவும் டியட்ஸ் தேர்ந்ததே. கலை கலைக்காக என்பது இதன் பொருள். வளையத்தின் கீழே, வணிகக்குறி எனப் பொருள்படும் 'டிரேட் மார்க்' என்னும் ஆங்கிலச் சொற்கள் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. கலைக்குக் கலையன்றி வேறு பயனில்லை என்று மேலே ஒரு கூற்று. இது விற்பனைப் பொருள் என்று கீழே ஒரு கூற்று. இரண்டும் ஒரே மொழியில் எழுதப்பட்டிருப்பின் முரண் உடனே புலப்பட்டிருக்கும். மேலது இலத்தீனில் நின்றமையால் அது படிக்கப்படும் தொடராகாமல் பார்க்கப்படும் அணியாயிற்று.

இவ்விடத்தில் இந்தியச் சின்னம் ஒன்றை ஒப்புநோக்குவது பயனுடையது. மெகபூப் கானின் நிறுவனச் சின்னத்தில் அரிவாளும் சுத்தியலும் தோன்றும். உடன் இறைவன் திருவுளப்படியே எல்லாம் நிகழும் என்னும் கருத்துடைய உருதுக் கண்ணி ஒலிக்கும். அங்கும் முரண் உண்டு. ஆனால் அது மறைக்கப்படவில்லை. கண்ணி செவிவழி வந்தமையால் எழுத்தறியாதாரும் அதனை அறிந்தனர். படமும் சொல்லும் மோதுவதைக் கண்டு தத்தமக்கேற்பப் பொருள் கொண்டனர். அமெரிக்கச் சிங்கத்தின் தொடரோ ஒருபோதும் ஒலிக்கப்பட்டதில்லை.

தொடரின் இலக்கணமும் ஆராயத்தக்கது. இலத்தீனில் 'கிராட்டியா' என்பது ஆறாம் வேற்றுமைப் பெயரோடு சேர்ந்து 'பொருட்டு' என்னும் பொருள் தரும். வழக்கமாக அப்பெயருக்குப் பின்னரே நிற்கும். எடுத்துக்காட்டின் பொருட்டு என்பதற்குரிய 'எக்செம்ப்ளி கிராட்டியா', ஆங்கிலத்தில் இ.ஜி. எனச் சுருங்கி இன்றும் வழங்குவதைக் காணலாம். அம்முறைப்படி 'ஆர்ட்டிஸ் கிராட்டியா' என்பதே இயல்பான வரிசை. சின்னத்திலோ 'கிராட்டியா' முன்வந்துள்ளது. இலத்தீனில் சொற்கள் இடம்பெயர இடமுண்டாதலின் இதனைப் பிழை என்று தள்ளுதல் மிகையாகும். எனினும் இது ஐரோப்பியப் புதுமொழிகளின் முன்னிடைச்சொல் வரிசையில் எண்ணியவரின் இலத்தீன் என்பது தெளிவு. கலைச்சொல் இரு முனையிலும் நிற்க, நடுச்சொல் சிங்கத்தின் தலைக்கு நேர்மேலே அமைகிறது. இலக்கணத்தைக் காட்டிலும் வளையத்தின் ஒப்புமையே இங்கு முதன்மை பெற்றது போலும்.

இத்தொடர் உரோமானியர் வழங்கிய பழமொழியும் அன்று. 'லார் பூர் லார்' என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கொள்கைத் தொடரே இதன் மூலம். தியோஃபில் கோத்தியே 1835இல் வெளியிட்ட 'மாட்மொசெல் த மோப்பேன்' புதினத்தின் முன்னுரை அக்கொள்கையின் சாசனமாகக் கருதப்படுகிறது. அதனை இலத்தீனாக்கியது பழமைத் தோற்றம் கருதியே. உரோமானியர் ஒருவர் இதனைப் படிக்க நேரின், 'ஆர்ஸ்' என்பதைக் கைத்திறன், தொழில்திறன் என்றே கொண்டு குழம்பியிருப்பார்.

திரையில் நிகழ்ந்த பெயர்ப்பு

2021இல் கணினி வரைகலையால் புதுப்பிக்கப்பட்ட சின்னத்தில் குறிக்கோளுரை முதலில் ஆங்கிலத்தில் தோன்றுகிறது. பின்னர் அவ்வெழுத்துகள் இலத்தீனாக மாறுகின்றன. பார்வையாளர் பொருளறியட்டும் என்பது நோக்கமாகலாம். அந்நோக்கம் பாராட்டத்தக்கதே, செய்த முறைதான் ஐயத்திற்குரியது. மொழிபெயர்ப்பு இங்கு மூலத்தின் அருகே நிற்கவில்லை. கட்டடம் எழுந்ததும் அகற்றப்படும் சாரம் போல, மூலம் வந்ததும் மறைந்துவிடுகிறது. இறுதியில் நிலைப்பது பழைய அணியே. ஆங்கிலம் அறியாத நாடுகளின் பார்வையாளர்க்கோ ஓர் அணிக்கு ஈடாக இரண்டு அணிகள் கிடைக்கின்றன.

ஆயினும் அவ்வரிசை, செய்தோர் கருதியோ கருதாமலோ, வரலாற்றுக்குப் பொருந்துகிறது. புதுமொழித் தொடர் முந்தியது; இலத்தீன் அதன் பெயர்ப்பு. மூலம்போல் வந்து நிற்பது உண்மையில் மொழிபெயர்ப்பே என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பின் சின்னமே காட்டிவிட்டது. ஆனால் அதனைப் பொருளுணர்ந்து படித்தவர் கேட்கத்தக்க வினா ஒன்றும் உடன் எழுகிறது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்நிறுவனம் அமேசானால் வாங்கப்பட்டது. கலையன்றி வேறு நோக்கமில்லை எனச் சாற்றும் தொடர், எவரும் படித்தறியும் மொழியில் வந்தபின் வெறும் அணியாக நிற்க இயலாது. அது சான்று கேட்கப்படும் கூற்றாகிறது.

தமிழில்

இத்தொடரைத் தமிழாக்குவோர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. 'கலை கலைக்காக' என்பது வழக்கில் உள்ள தொடர். இதனை ஏற்பதிலுள்ள இடர்ப்பாடு அதன் வரலாறே. தமிழ்த் திறனாய்வில் இத்தொடர் பெரிதும் பிறர்மேற் சாட்டப்படும் குற்றமாகவே பயின்றது. கைலாசபதி, சிவத்தம்பி முதலிய முற்போக்குத் திறனாய்வாளர், உருவத்தையும் அழகியலையும் முதன்மைப்படுத்திய எழுத்தாளரை நோக்கி இதனை வழங்கினர். 'கலை கலைக்காகவா, மக்களுக்காகவா' என்னும் வினாவின் ஒரு பாதியாகவே தமிழ் வாசகர் இதனைக் கேட்டுப் பழகியவர். மூலத்தில் பெருமிதமாக நிற்கும் கூற்று தமிழில் பழிச்சொல்லின் சாயலோடு ஒலிக்கும். 'கலைக்காகவே' என ஏகாரம் சேர்ப்பின் வேறொரு மாற்றம் நிகழும். பிரிநிலை ஏகாரம் பிற பயன்களை வெளிப்படையாக விலக்குகிறது. இலத்தீன் தொடரில் அவ்விலக்கு குறிப்பாகவே உள்ளது, சொல்லாக இல்லை.

மற்றொரு வழி 'கலையின் பொருட்டுக் கலை' என்பது. நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்றாக நன்னூல் பொருட்டு என்பதையும் எண்ணுகிறது. கிராட்டியாவைப் போலவே பொருட்டு என்பதும் பெயருக்குப் பின் நிற்பது. 'ஆர்ட்டிஸ்' என்பதற்குக் கலையின், 'கிராட்டியா' என்பதற்குப் பொருட்டு, 'ஆர்ஸ்' என்பதற்குக் கலை எனச் சொல்லுக்குச் சொல் நேராகிறது. சின்னத்தில் உள்ள வரிசைக்கு இது கண்ணாடிப் பிம்பம். டியட்ஸ் கைவிட்ட இயல்பான இலத்தீன் வரிசையோ தமிழில் தானே அமைந்துவிடுகிறது. கலைச்சொல் இரு முனையிலும் நிற்பதால் வளையத்தின் ஒப்புமையும் பெரிதும் காக்கப்படுகிறது. ஆய கலைகள் அறுபத்துநான்கு என்னும் வழக்கில் கைத்திறன்களையும் உள்ளடக்கிய கலை என்னும் சொல், ஆர்ஸ் என்பதன் பழம்பொருளுக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லைவிட அணுக்கமானது. குறை ஒன்றுண்டு: இத்தொடரைத் தமிழர் எவரும் வாய்ப்பேச்சில் வழங்கியதில்லை. கல்வெட்டுத் தன்மையே அதன் இயல்பு. ஒலிக்கப்படாத இலத்தீனுக்கு அது பொருந்தும். பாமரரும் கேட்டறியும் குரலாக அமைக்க விரும்புவோர், 'கலை கலைக்காக' என்பதையே அதன் வழக்குச் சுமையோடு ஏற்க வேண்டியிருக்கும்.