கூத்தாடி கிழக்கே பார்ப்பான்

குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஏதோ ஒரு கூட்டத்தில் நாற்காலி பறந்த படத்தைக் காட்டி, "இந்தக் கூத்தப் பாத்தீங்களா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெரியவர் சொன்னார்: "அது கூத்து இல்ல தம்பி. கூத்துல ஒரு அடி தப்புனாலும் வாத்தியார் உடமாட்டாரு."

முப்பது வருஷம் துரியோதனன் வேஷம் கட்டியவராம். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு கொடுக்கும் பேப்பரில் 'தகப்பனார் தொழில்: விவசாயம்' என்று போட்டிருக்கிறான் பையன். "கூத்துன்னு போட்டா யோசிப்பாங்கப்பா" என்றானாம். சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பி.காம். படித்தவன். மெஷினுக்குத் தேய்மானம் போடத் தெரியும். சொல்லுக்கும் தேய்மானம் உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தச் சொல்லின் பழைய கணக்கைப் பாருங்கள். தில்லையில் ஆடுகிறவனுக்கே கூத்தன் என்றுதான் பெயர். இதே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் சோழ அரசவையில் அமைச்சராக இருந்த காலத்தில், அங்கே அரசவைக் கவிஞரின் பெயர் ஒட்டக்கூத்தர். அதற்கும் முன்னால், 11-ஆம் நூற்றாண்டில், தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆட ஒரு சாந்திக்கூத்தனுக்கு நெல் அளக்கச் சொல்லிக் கல்வெட்டே வெட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அது பட்டம். இன்றைக்குக் 'கூத்தாடி' என்றால் வசவு.

இலங்கைத் தமிழர்களிடம் இந்தச் சொல் வேறு விதமாகப் பிழைத்தது. 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். படித்த பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள். இங்கேயும் ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய நவீன நாடகக் குழுவுக்குக் 'கூத்துப்பட்டறை' என்று தைரியமாகப் பெயர் வைத்தார். ஆனால் கிராமத்துக் கூத்துக் குழுக்களின் போர்டைப் பாருங்கள். பலவற்றில் 'நாடக மன்றம்' என்றுதான் இருக்கும். வீட்டுக்காரனே தன் வீட்டுக்கு வேறு பெயர் எழுதி மாட்ட வேண்டிய நிலைமை.

காஞ்சிபுரம் பக்கத்துக் கலைஞர்கள் 1990-ல் சங்கம் வைத்தபோது 'தெருக்கூத்து' வேண்டாம், 'கட்டைக்கூத்து' என்று சொல்லுங்கள் என்றார்கள். கட்டை என்பது ராஜவேஷக்காரர்கள் கட்டிக்கொள்ளும் கிரீடம், புஜம் முதலான மர அணிகள். தெருவில் ஊர்வலமாக ஆடுவது வேறு, ஓரிடத்தில் விடிய விடியக் கதை நடத்துவது வேறு என்பது அவர்கள் வாதம். புரிசைக்காரர்கள் 'தெருக்கூத்து' என்றே சொல்கிறார்கள். தெருவில் ஆடுவதில் என்ன கேவலம் என்று கேட்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஆடுகிறவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. ஆனால் ஒன்று. முன்பாதியில் தெருவை எடுத்துக் கட்டையை வைத்தாலும் பின்பாதியில் 'கூத்து' அப்படியேதான் இருக்கிறது. அதை அழுக்காக்குவது தெருவோ கட்டையோ அல்ல. நாம்தான்.

'நாம்' என்றால் முக்கியமாக என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள். தேர்தல் கூத்து, டெண்டர் கூத்து என்று நானே எத்தனை தலைப்பு வைத்திருப்பேன்! அமளி, குளறுபடி, அடாவடி, தில்லுமுல்லு என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? விடிய விடியக் கண்விழித்து, பாட்டும் அடவும் வசனமும் பிசகாமல் நடத்துகிற ஒரு தொழிலின் பெயரை ஒழுங்கில்லாத எல்லாவற்றுக்கும் ஒட்டுவது சோம்பேறித்தனம். இனி என் பத்தியில் அமளி அமளியாகத்தான் இருக்கும்.

'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பார்கள். ஒருவனுக்கு எப்போது விடியும் என்று கவலை, இன்னொருவனுக்கு எப்போது பொழுது சாயும் என்று. கிளம்பும்போது பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பழமொழிய மாத்தணும் தம்பி. எம் புள்ளைக்கு நைட் ஷிஃப்ட். இப்ப அவனும் கிழக்கதான் பாக்கிறான்" என்றார்.

இதை அந்தப் பையன் படித்தால், பேப்பரில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடட்டும்.